குரல் முன்னே, மனம் பின்னே: துறவு மடங்கள் கற்றுத் தந்த செபம்

தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் கடைசி அதிகாரத்தில், பல அறிவுரைகளுக்கு நடுவே பவுல் ஒரு சிறு வரியை வைத்திருக்கிறார்: "இடைவிடாது இறைவனிடம் வேண்டுங்கள்" (5:17). கிறிஸ்தவத் துறவின் வரலாற்றை இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிடலாம். அதை உள்ளபடியே எடுத்துக்கொண்டால் உடனே சிக்கல் எழுகிறது. மனிதர் உண்ண வேண்டும், உறங்க வேண்டும், பிழைப்புக்கு உழைக்க வேண்டும். பிறகு இடைவிடாமல் செபிப்பது எப்படி?

4ஆம் நூற்றாண்டில் சிரியா, ஆசியா மைனர் பகுதிகளில் பரவிய மெசாலியர் என்ற குழுவினர் இதற்கு நேரடியான விடை கண்டார்கள். வேலையே செய்ய மாட்டோம், செபம் மட்டுமே செய்வோம் என்றார்கள். 431இல் கூடிய எபேசுப் பொதுச்சங்கம் அவர்களைக் கண்டித்தது. ஆனால் சங்கத்தின் தீர்ப்பைவிட எனக்கு நெருக்கமானது, எகிப்தின் முதிய துறவி லூசியுஸ் அவர்களுக்குக் கொடுத்ததாகப் பாலைவனத் தந்தையர் மரபு பாதுகாத்து வைத்திருக்கும் பதில்தான்.

அலெக்சாந்திரியாவுக்கு அருகே அவர் வாழ்ந்த இடத்துக்கு அந்தக் குழுவினர் சிலர் வந்தார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். கை வேலை எதையும் தொடுவதில்லை, பவுல் சொன்னபடி இடைவிடாமல் செபிக்கிறோம் என்றார்கள். நீங்கள் சாப்பிடுவதில்லையா, தூங்குவதில்லையா என்று கேட்டார் பெரியவர். சாப்பிடுகிறோம், தூங்குகிறோம் என்றார்கள். அந்த நேரத்தில் உங்களுக்காக யார் செபிக்கிறார்கள் என்று கேட்டார். அவர்களிடம் பதில் இல்லை.

பிறகு தன் வழியைச் சொன்னார். பனை ஓலையை நீரில் ஊற வைத்துக் கயிறு பின்ன உட்காருவேன். பின்னிக்கொண்டே "கடவுளே, உமது பேரன்புக்கேற்ப எனக்கு இரங்கியருளும்" என்ற, விவிலியத் திருப்பாடல்கள் நூலின் 51ஆம் பாடலின் அடிகளைச் சொல்வேன். இப்படி ஒரு நாள் உழைத்தால் ஏறத்தாழ 16 காசு கிடைக்கும். அதில் இரண்டை வாசலில் வைத்துவிடுவேன், மீதி என் உணவுக்கு. அந்த இரண்டு காசை எடுத்துக்கொள்பவர் நான் உண்ணும்போதும் உறங்கும்போதும் எனக்காகச் செபிக்கிறார். இறைவன் அருளால் இடைவிடாத செபம் நிறைவேறிவிடுகிறது.

பிற்காலத்தில் மடங்கள் நூற்றாண்டுக்கணக்கில் விரித்து வளர்த்தவை எல்லாம் இந்தப் பதிலுக்குள் இருக்கின்றன. லூசியுஸ் தன் சொந்தச் சொற்களைத் தேடவில்லை. திருப்பாடலிலிருந்து ஒரு வரியைக் கடன் வாங்குகிறார். கை வேலையைச் செபத்துக்கு எதிரியாகப் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, செபத்தைத் தனியொருவரின் சாதனையாக அவர் நினைக்கவேயில்லை. தான் விட்ட இடத்தை இன்னொருவர் நிரப்புவார் என்று நம்புகிறார்.

இன்று செபம் என்றதும் பலருக்கும் தோன்றுவது வேறு. உள்ளம் நிறைந்து வழிய வேண்டும், அந்த வழிதலே செபம், எழுதி வைத்ததைப் படிப்பது இரண்டாந்தரம் என்ற எண்ணம் கத்தோலிக்கரிடையேயும் ஆழமாக ஊறியிருக்கிறது. துறவு மரபு இதைத் தலைகீழாகப் பார்த்தது. ஏன் அப்படிப் பார்த்தது என்பதைப் புரிந்துகொண்டால் கத்தோலிக்கச் செப மரபின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

திருப்பாடல்கள் ஏன்?

திருத்தூதர் காலத்திலேயே யூத மரபின் செப வேளைகள் தொடர்ந்தன. பேதுருவும் யோவானும் பிற்பகல் மூன்று மணிக்கு இறைவேண்டல் செய்யக் கோவிலுக்குப் போனதைத் திருத்தூதர் பணிகள் நூலின் 3ஆம் அதிகாரம் சொல்கிறது. மிகப் பழைய கிறிஸ்தவ ஏடுகளில் ஒன்றான திதாக்கே, இயேசு கற்பித்த செபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லப் பணிக்கிறது. பாலைவனத்துக்குப் போனவர்கள் இந்த வேளைகளைக் கூடவே எடுத்துச் சென்றார்கள்; அவற்றைத் திருப்பாடல்களால் நிரப்பினார்கள்.

அங்கே நடந்ததை நமக்கு விரிவாகச் சொல்பவர் யோவான் காசியன். ஏறத்தாழ 360இல் பிறந்த இவர், எகிப்தின் துறவிகளிடம் பல ஆண்டுகள் கற்று, 415ஆம் ஆண்டையொட்டி மார்செய் நகரில் மடங்கள் நிறுவி, தான் கண்டதை லத்தீனில் எழுதினார். மாலையிலும் இரவிலும் பன்னிரண்டு திருப்பாடல்கள். ஒருவர் பாடுவார், மற்றவர் தாழ்வான இருக்கைகளில் உட்கார்ந்து கேட்பார்கள். பாடல் முடிந்ததும் எல்லாரும் எழுந்து, கைகளை விரித்து, ஓசையின்றிச் செபிப்பார்கள். பிறகு தரையில் விழுந்து வணங்கி உடனே எழுந்துவிடுவார்கள். அதிக நேரம் தரையில் கிடந்தால் தூக்கம் பிடித்துக்கொள்ளும் என்கிறார் காசியன். மனிதரை அறிந்தவர்களின் ஏற்பாடு இது.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த மௌனத்தின் இடம். மௌனச் செபம் ஒரு பக்கம், வாய்ச் செபம் ஒரு பக்கம் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். எகிப்தில் ஒரு பாடலுக்கும் அடுத்ததற்கும் நடுவில்தான் மௌனம் இருந்தது. கேட்ட சொல்லுக்கு மறுமொழியாகவே அது பிறந்தது.

திருப்பாடல்களையே தேர்ந்தெடுத்ததற்குக் காரணத்தை அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ், மார்சலீனுஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். மறைநூலின் மற்றப் பகுதிகளில் பிறரின் சொற்களைப் படிக்கிறோம்; திருப்பாடலைச் சொல்லும்போதோ அவை நம்முடைய சொற்களே ஆகிவிடுகின்றன. நம் உள்ளத்தின் அசைவுகளை நாமே காணும் கண்ணாடி அது என்கிறார். வனத்து அந்தோணியாரின் வரலாற்றை எழுதித் துறவு வாழ்வை உலகறியச் செய்தவர் இவர்தான். அகுஸ்தினார் இன்னும் ஒரு படி மேலே போனார்: திருப்பாடலில் பேசுபவர் கிறிஸ்துவே, நமக்காகவும் நம்முள்ளும் அவரே செபிக்கிறார், நம் செபத்தை ஏற்பவரும் அவரே. சிலுவையில் இயேசுவின் வாயில் வந்தவை 22ஆம், 31ஆம் திருப்பாடல்களின் வரிகள். சாகும் வேளையில் அவரும் கடன் வாங்கிய சொற்களால்தான் செபித்தார் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

காசியனின் பத்தாம் உரையாடலில் ஈசாக்கு என்ற துறவி ஒரு வரியைப் பரிந்துரைக்கிறார். 70ஆம் திருப்பாடலின் முதல் அடி: கடவுள் துணைக்கு வர வேண்டும், ஆண்டவர் விரைந்து உதவ வேண்டும் என்ற வேண்டுதல். பசியிலும் கோபத்திலும் சோர்விலும், பெருமை தலைக்கேறும்போதும், தூங்கப் போகும்போதும் இதையே சொல் என்கிறார். இன்று உலகெங்கும், திருச்சபையின் அன்றாட வேளைச் செபங்களின் தொகுப்பான திருப்புகழ்மாலையில் ஏறக்குறைய ஒவ்வொரு வேளையும் இந்த அடியோடுதான் தொடங்குகிறது.

ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு

நூர்சியாவின் புனித ஆசீர்வாதப்பர், அதாவது பெனடிக்ட் (ஏறத்தாழ 480–547), சுபியாக்கோவின் குகையில் தனிமையில் தொடங்கி மோந்தே காசினோ மலையில் மடம் அமைத்தவர். ஒரு முன்னுரையும் 73 அதிகாரங்களும் கொண்ட அவருடைய சட்டநூல் மேற்கத்தியத் துறவின் அடித்தளம். அதில் 8 முதல் 20 வரையிலான அதிகாரங்கள் செபத்தைப் பற்றியவை. ஆனால் அவற்றில் செப அனுபவத்தைப் பற்றிய விவரிப்பு மிகக் குறைவு. எந்த வேளைக்கு எந்தத் திருப்பாடல், குளிர்காலத்தில் எப்போது எழுவது, கோடையில் எதைக் குறைப்பது என்றே பக்கங்கள் போகின்றன. ஆன்மிகம் தேடி இந்நூலைத் திறப்பவர் முதலில் ஏமாந்துபோவார்.

அந்த அட்டவணைதான் ஆன்மிகம் என்பதை உணர நாளாகும். 119ஆம் திருப்பாடல் நாளுக்கு ஏழு முறை புகழ்வதையும் நள்ளிரவில் எழுவதையும் சொல்கிறது. அதன்படி பகலில் ஏழு வேளை, இரவில் ஒரு விழிப்பு. வாரத்துக்குள் 150 திருப்பாடல்களும் முடிய வேண்டும். நம் முன்னோர் ஒரே நாளில் முடித்ததை வெதுவெதுப்பான நாம் ஒரு வாரத்திலாவது முடிப்போம் என்கிறார். இவற்றுக்கு நடுவே ஆறு மணி நேரத்தை ஒட்டிய உடலுழைப்பு, பல மணி நேர மறைநூல் வாசிப்பு. "செபி, உழை" என்ற புகழ்பெற்ற முழக்கம் அவருடைய சட்டநூலில் எங்கும் இல்லை, பிற்காலத்தில் சூட்டப்பட்டது. உழைப்பு, செபம் என்ற அந்த இரண்டோடு வாசிப்பையும் சேர்த்தால்தான் அவர் வகுத்த நாள் முழுமையாகும்.

19ஆம் அதிகாரத்தின் முடிவில் ஒரு வாக்கியம் இருக்கிறது. திருப்பாடல் பாட நிற்கும்போது நம் மனம் நம் குரலோடு இசைந்திருக்கட்டும் என்கிறார். நாமாக இருந்தால் குரல் மனத்தோடு இசைய வேண்டும், நெஞ்சில் இருப்பதையே வாய் பேச வேண்டும் என்று எழுதியிருப்போம். அவர் குரலை முன்னே நிறுத்துகிறார். குரல் சொல்லும் சொல் இறைவனிடமிருந்து வந்தது. அதைப் பின்தொடர்ந்து வர வேண்டியது மனம். இன்று எனக்கு நன்றி சொல்லும் மனநிலை இல்லாமல் இருக்கலாம். ஆனால் மணி அடித்துவிட்டது, நன்றிப் பாடல் தொடங்கிவிட்டது. வாய் அதைச் சொல்கிறது. ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சொல்லி மனம் அந்த இடத்துக்கு வந்து சேர்கிறது. இதைப் போலித்தனம் என்பவர்கள் உண்டு. நான் இதைப் பயிற்சி என்பேன், தாழ்ச்சி என்றும் சொல்வேன். என் மனநிலையை அளவுகோலாக வைக்காமல் இறைவன் முன் நிற்பதற்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

அதே ஆசீர்வாதப்பர் அடுத்த அதிகாரத்தில் தனிச் செபம் குறுகியதாகவும் தூயதாகவும் இருக்கட்டும் என்கிறார். இறையருள் தூண்டினால் நீளலாம். நிறையப் பேசுவதால் நம் மன்றாட்டு கேட்கப்படும் என்று எண்ண வேண்டாம் என்கிறார். தனியே செபிக்க விரும்புபவர் ஆலயத்துக்குள் சும்மா போய்ச் செபிக்கட்டும், உரத்த குரலில் அல்ல, கண்ணீரோடும் உள்ளத்தின் கவனத்தோடும் என்று வேறோரிடத்தில் எழுதுகிறார். உணர்வை அவர் மறுக்கவில்லை. அதைக் கட்டாயமாக்கவில்லை, அவ்வளவே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலையிலும் மாலையிலும் மடத்தலைவர் இயேசு கற்பித்த செபத்தை எல்லாரும் கேட்க உரக்கச் சொல்ல வேண்டும் என்று 13ஆம் அதிகாரம் விதிக்கிறது. காரணம், சேர்ந்து வாழும் இடத்தில் முளைக்கும் பூசல் என்ற முட்கள். "நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும்" என்ற வாக்கை நாளுக்கு இரண்டு முறை காதில் வாங்கியபின், பக்கத்தில் நிற்பவரோடு பேசாமல் இருப்பது கடினம்.

கோபமும் இருளும்

150 பாடல்களையும் விடாமல் சொல்வதன் விளைவு, நமக்குப் பிடிக்காதவையும் வாயில் வந்துவிடும் என்பது. பகைவரைச் சபிக்கும் பாடல்கள் இருக்கின்றன. 1970இல் திருத்தந்தை 6ஆம் பவுல் புதிய திருப்புகழ்மாலையை அறிவித்தபோது 58, 83, 109 ஆகிய மூன்றும் நீக்கப்பட்டன. 137இன் கடைசி அடிகள் போன்ற சில வரிகளும் போயின. செபிப்பவருக்கு உளவியல் சிக்கல் தருகின்றன என்பது சொல்லப்பட்ட காரணம். மேய்ப்புப் பணியின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது இழப்பு என்றே நினைக்கிறேன். வஞ்சிக்கப்பட்டவரின் கோபம் இறைவன் முன்னே சொல்லப்படாவிட்டால் வேறெங்கோ போய் வெடிக்கும். பழிவாங்கலை இறைவன் கையில் விட்டுவிடும் சொற்கள் அவை.

நல்லவேளையாக 88ஆம் திருப்பாடல் தப்பித்தது. மறைநூலிலேயே இருண்ட பாடல் அதுதான். மற்றப் புலம்பல்கள் எல்லாம் எப்படியோ ஒரு நம்பிக்கையில் போய் முடியும். இதன் கடைசிச் சொல்லும் இருளைப் பற்றியது. வெள்ளிக்கிழமை இரவு செபத்தில் இதைத் திருச்சபை வைத்திருக்கிறது. மகிழ்ச்சியான ஒரு வெள்ளிக்கிழமை இதைச் சொல்ல வரும்போது நாக்கு தயங்கும். அப்போது லூசியுஸின் கணக்கு நினைவுக்கு வர வேண்டும். அன்று படுகுழியில் கிடப்பவர் ஒருவர் எங்கோ இருக்கிறார். அவருக்குச் செபிக்கச் சொல் வராமல் இருக்கலாம். நாம் சொல்வது அவருடைய செபம்.

மனம் அலைவதைப் பற்றிய குற்ற உணர்வு பலருக்கும் உண்டு. மடங்களில் இருப்போர் இதற்குத் தப்பியவர்கள் அல்லர். 4ஆம் நூற்றாண்டின் பாலைவனத் துறவி எவாகிரியுஸ், நண்பகலில் வரும் பேயைப் பற்றி எழுதினார்: பொழுதே நகரவில்லை என்று தோன்றும், சன்னல் வழியே எட்டிப் பார்க்கச் சொல்லும், வேறு இடம் போனால் நன்றாகச் செபிக்கலாம் என்று ஆசை காட்டும். குழந்தை தெரேசாள் (1873–1897) தியான வேளைகளில் ஆண்டுக்கணக்கில் தூங்கிவிட்டதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். தனியாகச் செபமாலை சொல்வது தனக்கு எவ்வளவு கடினம் என்றும் எழுதினார். திருச்சபை அவரை மறைவல்லுநராக 1997இல் அறிவித்தது.

மடத்தின் மதிலுக்கு வெளியே

12ஆம் நூற்றாண்டில், கார்த்தூசியத் துறவியான இரண்டாம் கீகோ மறைநூல் வாசிப்பை நான்கு படிகளாக விளக்கினார்: வாசிப்பு, தியானம், மன்றாட்டு, சொற்களைக் கடந்து இறைவனில் நிலைத்திருக்கும் காட்சித் தியானம். வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் மெல்கிறது, மன்றாட்டு சுவையைப் பெறுகிறது, நான்காவது அந்த இனிமையே என்றார். இன்று பங்கு ஆலயங்களில் நடக்கும் இறைவார்த்தைப் பகிர்வுகள் பலவற்றின் வேர் இங்கேதான்.

எழுத்தறியாதவர்கள் நிலை வேறு. மடங்களில் உழைத்த பொதுநிலைச் சகோதரர்களுக்கு லத்தீன் திருப்பாடல்கள் எட்டவில்லை. அவர்களுக்கு ஈடாக இயேசு கற்பித்த செபம் கொடுக்கப்பட்டது. 1223இல் உறுதி பெற்ற பிரான்சிஸ்கன் சட்டம் இதைத் துல்லியமாக வகுக்கிறது: இரவுப் புகழுக்கு 24, காலைப் புகழுக்கு 5, பகலின் நான்கு சிறு வேளைகளுக்கு 7 வீதம், மாலைப் புகழுக்கு 12, இரவு செபத்துக்கு 7. மொத்தம் நாளுக்கு 76. எண்ண மணிகள் தேவைப்பட்டன. 150 திருப்பாடல்களுக்கு ஈடாக 150 முறை சொல்லும் வழக்கம் வளர்ந்தது. "அருள் நிறைந்த மரியே" என்ற மங்கள வார்த்தை செபம் அந்த இடத்துக்கு வந்தபோது அதற்கு மரியாவின் திருப்பாடல் தொகுப்பு என்றே பெயர் வழங்கியது. நம் கையில் இருக்கும் செபமாலை இப்படித்தான் உருவானது. செபமாலையில் தியானிக்கப்படும், இயேசு, மரியா வாழ்வின் நிகழ்வுகளான பதினைந்து மறையுண்மைகளும் பத்துப் பத்தாக 150ஐ நிறைத்தன. 2002இல் திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்தபோது அந்தப் பழைய கணக்கு 200 ஆனது. செபமாலையை எளியவர்களின் பக்தி என்று சற்றுத் தாழ்வாகப் பேசுபவர்கள் அது மடத்தின் திருப்பாடலிலிருந்து கிளைத்தது என்பதை அறிய வேண்டும்.

16ஆம் நூற்றாண்டு ஒரு திருப்பம். 1540இல் ஏற்பளிக்கப்பட்ட இயேசு சபைக்குப் புனித இஞ்ஞாசியார் கூடிப் பாடும் கடமையே வேண்டாம் என்றார். ஊர் ஊராகப் பணிக்குப் போகிறவர்கள் மணியோசைக்குக் கட்டுப்பட முடியாது. உள்மனச் செபம் தனித் துறையாக வளர்ந்த காலமும் இதுவே. அவிலாவின் புனித தெரேசா (1515–1582) அதை, நம்மை அன்பு செய்கிறார் என்று நாம் அறிந்தவரோடு அடிக்கடி தனித்திருந்து பழகும் நட்பு என்றார். இந்த மேற்கோளை எல்லாரும் சொல்கிறார்கள். அவர் சொன்ன இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வாய்ச் செபத்தைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாத ஒரு கன்னியர் கவலையோடு தெரேசாவிடம் வந்தார். எப்படிச் செபிக்கிறாய் என்று விசாரித்தபோது, இயேசு கற்பித்த செபத்தைப் பற்றிக்கொண்டே அவர் தூய காட்சித் தியானத்துக்கு வந்து சேர்ந்திருந்தது தெரிந்தது. தெரேசா இறைவனைப் புகழ்ந்தார். அந்த வாய்ச் செபத்தின்மேல் தனக்கு ஏக்கம் வந்ததாகவும் எழுதினார்.

திருப்புகழ்மாலையோ மெல்ல மெல்லக் குருக்கள் தனியே படித்து முடிக்கும் கடமையாகச் சுருங்கியிருந்தது. கட்டளைச் செபம் என்ற பழைய பெயரே அதன் நிலையைக் காட்டும். 1963 டிசம்பர் 4 அன்று வெளியான திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதைத் திருத்த முயன்றது. காலைப் புகழும் மாலைப் புகழும் நாளின் இரண்டு அச்சுகள் என்றது. வாரத்துக்குள் 150 என்ற கட்டு தளர்ந்து, பிறகு நான்கு வாரச் சுற்றாக மாறியது. பொதுநிலையினரும் குருக்களோடு சேர்ந்தோ தங்களுக்குள் கூடியோ தனியாகவோ சொல்லலாம் என்று 100ஆம் பத்தி ஊக்குவிக்கிறது. சொந்த மொழிக்கும் வழி திறந்தது.

அறுபது ஆண்டுகள் ஆகியும் பெரும்பாலான பங்குகளில் ஞாயிறு மாலைப் புகழ்கூட வழக்கத்துக்கு வரவில்லை. நேரமில்லை என்பது ஒரு காரணம். புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டிப் புரட்டித் தேட வேண்டியிருப்பது இன்னொன்று. தொடங்க விரும்புபவருக்கு நான் சொல்வது, ஏழு வேளையையும் ஒரே நாளில் பிடிக்க முயல வேண்டாம். இரவு செபம் மிகச் சிறியது. ஒரு வாரத்தில் பழகிவிடும். அது நிலைத்தபின் காலைப் புகழைச் சேர்க்கலாம். முடிந்தால் வீட்டில் இன்னொருவரோடு, அடிக்கு அடி மாற்றி மாற்றி, அவசரமில்லாமல்.

ஒழுங்கு குலைந்துவிடுமோ என்று அஞ்சுபவர் ஆசீர்வாதப்பரின் 18ஆம் அதிகாரத்தைப் படிக்கட்டும். எந்த நாள் எந்தத் திருப்பாடல் என்று வரி வரியாக வகுத்து முடித்தபின், இந்த ஏற்பாடு யாருக்காவது பிடிக்கவில்லையென்றால் தமக்கு நல்லதெனத் தோன்றும் விதத்தில் மாற்றிக்கொள்ளட்டும் என்று எழுதுகிறார். அவர் விட்டுக்கொடுக்காதது ஒன்றே ஒன்று: வாரத்துக்குள் எல்லாத் திருப்பாடல்களும் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.